தொடாமல் விட்ட ஐந்து முறை

பஞ்சாலை அக்கா போடும் தேநீரில் சீனி அதிகம். டின் பாலை ஊற்றி, அதற்கு மேலும் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, கரைந்ததா என்று கண்ணாடித் தம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். எனக்கு அவ்வளவு இனிப்பு பிடிக்காது. ஆனால் ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. "நல்லா இருக்கு அக்கா" என்று சொல்லிப் பாதியைக் குடிப்பேன். அவர் உள்ளே போகும் நேரம் பார்த்து மீதியை வாசலில் இருந்த காகிதப்பூச் செடிக்கு ஊற்றிவிடுவேன். முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது.

மலாயிலும் ஆங்கிலத்திலும் வாக்குமூலம் கொடுத்தாகிவிட்டது. தமிழிலும் ஒன்று வேண்டும் என்று கேட்டது அக்காவின் மகள் ஷாமினி என்று விசாரணைக் குழுவில் சொன்னீர்கள். அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், அதனால் இது நியாயமான கோரிக்கைதான். அவர் படிப்பார் என்பதால் அறிவியலைக் கொஞ்சம் எளிமையாகவே எழுதுகிறேன். செடி ஏன் பட்டுப்போனது என்பதும் அவருக்கு இப்போது தெரிந்துவிடும்.

என் பெயர் மகிந்தன். வயது நாற்பத்தேழு. நீலாயில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடமாக ஒரே ஒரு பொருளைத்தான் செய்துகொண்டிருந்தேன். மீன் தோலிலிருந்து எடுக்கும் புரதத்தில் ஒரு குழாய். மாட்டிலிருந்தும் எடுக்கலாம், பன்றியிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் இந்த நாட்டில் ஆளுக்கு ஒன்று ஆகாது. குழாயின் உட்புறத்தில் மின்சாரம் கடத்தக்கூடிய ஒரு வகைப் பிளாஸ்டிக்கைப் பூசுவோம். பூசியதும் அது கறுப்பாகிவிடும். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவில் விரல்கணு நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும்.

நரம்புக்குள் ஓடுவது மின்சாரம்தான். வெட்டுப்பட்ட நரம்பின் இரண்டு முனைகளையும் இந்தக் குழாய்க்குள் செருகித் தைத்து, வெளியிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் கொடுத்தால், மேல்முனை வழி கண்டுபிடித்துக் கீழ்முனையை நோக்கி வளரும். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர். எலிகளில் வளர்ந்தது. மரத்துப்போன கால் ஒன்றை நான் இடுக்கியால் கிள்ளியபோது எலி சட்டென்று இழுத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பிறகு எதிலும் வரவில்லை. என் கல்யாணம் அதற்கு அடுத்த வருடம் நடந்தது.

மனிதர்களில் பரிசோதிக்க முறைப்படி அனுமதி வாங்கினோம். முதல் இரண்டு பேருக்கும் பலன் இல்லை. விதிப்படி நான்காம் மாத முடிவில் குழாயை எடுத்துவிட்டு, அவர்கள் கெண்டைக்காலிலிருந்தே நரம்பு எடுத்துக் கையில் ஒட்டிவிட்டார் அறுவை மருத்துவர். வழக்கமான வைத்தியம் அதுதான். இருவரும் இப்போது சோறு பிசைந்து சாப்பிடுகிறார்கள். மூன்றாவது ஆளுக்கும் அப்படியே ஆனால் திட்டத்தை மூடிவிடுவதாக எங்கள் துறையில் முடிவு செய்திருந்தார்கள்.

மூன்றாவது ஆள்தான் சன்னாசி, பஞ்சாலை அக்காவின் கணவர். பகாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுப்பவர், வயது அறுபத்தொன்று. நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாள் கழன்று விழுந்து வலது மணிக்கட்டின் உட்புறத்தை அறுத்துவிட்டது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் உள்ளங்கையில் பாதியும் மரத்துப்போயின.

முதலில் அவரைப் பார்த்தது மருத்துவமனையில். நான் அண்ணே என்று கூப்பிட்டேன், அவர் தம்பி என்று கூப்பிட்டார். கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய நைலான் இழையால் விரல் நுனியைத் தொட்டுக் கேட்பதுதான் சோதனை. இருபது முறை கேட்க வேண்டும். அதில் பதினைந்து முறை தொட வேண்டும், ஐந்து முறை தொடாமலே கேட்க வேண்டும். ஆள் உணர்ந்து சொல்கிறாரா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா என்பதை அந்த ஐந்துதான் காட்டிக்கொடுக்கும். அந்த விதியை எழுதியவன் நான்தான். சன்னாசி நல்ல கையில் பதினைந்துக்குத் தெரியுது என்றார், தொடாத ஐந்துக்கு இல்லை என்றார். அடிபட்ட கையில் இருபதுக்கும் "தெரியல தம்பி" என்றார். அவ்வளவு சுத்தமான பதில்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கை சரியானால் என்ன செய்யணும் என்று சும்மாதான் கேட்டேன். மோட்டார் சைக்கிள் ஓட்டணும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பஞ்சாலையைப் பின்னால் உட்கார வைத்துப் பகாவ் பாசாருக்குப் போய்ப் பழகிவிட்டதாம். எண்ணெய் முறுக்குவது வலது கையில்தான். எவ்வளவு முறுக்குகிறோம் என்று கைக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

ஒப்புதல் தாளில் கைநாட்டு வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மோட்டார் நின்றது, மேலே தார்ப்பாய் போர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பேச்சுவாக்கில் தம்பிக்கு எந்த ஊர் என்று கேட்டார். சிரம்பான் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் அப்பப்பா இதே தோட்டத்தில்தான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார், இராஜரத்தினம் என்று பெயர் என்றும் சொன்னேன்.

சன்னாசி எழுந்து நின்றுவிட்டார்.

பதினாலு வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பெரட்டில் பெயர் கூப்பிட்டது என் அப்பப்பாதானாம். விடியும் முன்னே களத்தில் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்பார்கள். கிராணி தாளைப் பார்த்துக் கூப்பிட்டதும் பதில் வர வேண்டும். வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார், அன்றைக்கு வேலை இல்லை. சன்னாசி ஒரு நாளும் பதில் சொல்லத் தவறியதில்லையாம். காய்ச்சலோடு நின்றபோது எப்படி இருக்கிறாய் என்று அப்பப்பா கேட்டதையும், நல்லா இருக்கேன் ஐயா என்று சொல்லிவிட்டு மரத்தடியில் மயங்கி விழுந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி இல்லை, ஐயா.

பஞ்சாலை அக்கா உள்ளே போய் எனக்குப் பால் தேநீர் கொண்டுவந்தார். சன்னாசிக்குத் தனியாக வந்தது தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர். பாலுக்கும் சீனிக்கும் குறைச்சல் இல்லாத வீடு அது. அவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இனிப்பு நீர் உள்ளவர்களை இந்தப் பரிசோதனையில் சேர்க்கக் கூடாது, அவர்களுக்குப் புண் ஆறாது. தோட்டத்துக் கிளினிக் மாத்திரை ஒழுங்காகப் போட்டு வந்ததால் மருத்துவமனையில் எடுத்த இரத்தம் நல்லபடியாகவே காட்டியிருந்தது. மிச்சம் இருந்தது நான் நேரில் கேட்டு நிரப்ப வேண்டிய ஒரு கட்டம்.

"இனிப்பு நீர் எல்லாம் இல்லைதானே?" என்று கேட்டேன்.

"இல்லீங்கய்யா" என்றார்.

இல்லை என்று குறித்துக்கொண்டேன். வலது கட்டைவிரல் மரத்துக் கிடந்ததால் இடது கட்டைவிரலால் கைநாட்டு வைத்தார். நான் குறித்தது பொய் இல்லை, அவர் சொன்னதைத்தான் குறித்தேன். எப்போது தெரிந்தது என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். முதல் தேநீரிலேயே தெரிந்தது.

அறுவைச் சிகிச்சை குறையில்லாமல் நடந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கொடுத்தோம். அதிலிருந்து வரும் இரண்டு ஒட்டுகளில் ஒன்றை உள்ளங்கையிலும் ஒன்றை முன்கையிலும் ஒட்டிக்கொண்டு காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். சன்னாசி ஒரு வேளை தவறவில்லை. இரண்டாம் மாதச் சோதனையை மருத்துவமனையில் ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, செய்தார். இருபதுக்கும் "தெரியல மிஸ்ஸி" என்றிருக்கிறார். அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கவலைப்பட்டேன் என்று சொல்ல முடியாது. எதுவுமே தோன்றவில்லை. பிறகு, நோயாளி நெடுந்தூரம் அலைய வேண்டியிருப்பதால் இனிச் சோதனைகளை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கடிதம் எழுதினேன். நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்றாம் மாதம் என் உதவி ஆய்வாளர் ரஜனியோடு போனேன். நான் தொட்டேன், அவள் குறித்தாள். சன்னாசி கண்ணை மூடிக்கொண்டு இருபதுக்கும் "தெரியுதுங்கய்யா" என்றார். தொடாத ஐந்துக்கும் அதே பதில்தான். திரும்பும் வழியில் மந்தினில் சாப்பிட நிறுத்தியபோது ரஜனி சொன்னாள்.

"சார், தொடாததுக்கும் தெரியுதுன்னு சொல்றாரு. இது செல்லாது லா. அவருக்கு ஒன்னுமே தெரியல. உங்கள பாத்து பயப்படுறாரு."

பயம் இல்லை, மரியாதை என்று அவளுக்கு விளக்கினேன். மறுநாளே அவளை உயிரணு வளர்க்கும் அறைக்கு மாற்றினேன். கெட்டிக்காரப் பெண், அங்கேயும் நன்றாகவே வேலை செய்கிறாள். சோதனைத் தாளையும் புதிதாக அச்சடித்தேன். புதிய தாளில் தொடாமல் கேட்கும் ஐந்துக்கும் கட்டம் கிடையாது.

அதற்குப் பிறகு நான் தனியாகப் போனேன். வெள்ளைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். அப்பப்பாவின் பழைய படம் ஒன்றில் அப்படித்தான் நிற்கிறார். அண்ணே என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். என்னைவிடப் பதினாலு வயது மூத்தவரை, தாளைப் பார்த்துக்கொண்டே, சன்னாசி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். முதல் தடவை நாக்கு கொஞ்சம் தயங்கியது. இரண்டாம் தடவை தயங்கவில்லை. கூப்பிட்ட மாத்திரத்தில் பதில் வரும். சில நாள் இழை விரலுக்குப் போய்ச் சேரும் முன்பே வந்துவிடும். பதினைந்துக்குப் பதினைந்து. பூச்சியத்திலிருந்து நான்கு மாதத்தில் பதினைந்து. எங்கள் துறையில் அப்படி ஒரு வளைகோட்டை யாரும் வரைந்ததில்லை. கோலாலம்பூரில் ஒரு மாநாட்டில் அதைத் திரையில் காட்டினேன், எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நான்காம் மாத முடிவில் அறுவை மருத்துவர் என் குறிப்புக்காகக் காத்திருந்தார். குழாயை எடுத்துவிட்டுக் கால் நரம்பை ஒட்டுவதற்குச் சரியான நேரம் அது. தள்ளிப்போட்டால் கைச்சதை வற்றிவிடும், பிறகு ஒட்டியும் பயனில்லை. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நரம்பு மெதுவாகத்தான் வளரும், அவகாசம் கொடுத்தால் சன்னாசி சொன்னது உண்மையாகவே ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கட்டைவிரலின் அடிச்சதை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. மாதாமாதம் வற்றிப் பள்ளமாகிக்கொண்டு வந்தது. அதனால் ஐந்தாம் மாதத்திலிருந்து மின்னோட்டத்தைக் கூட்டினேன். முதலில் இரண்டு மடங்கு, பிறகு நான்கு மடங்கு. அந்த அளவில் ஒட்டுக்குக் கீழே தோல் வெந்துபோகும். எலிகளில் வெந்திருக்கிறது. எலிகள் கத்தின. சன்னாசியின் உள்ளங்கையில் உணர்ச்சி இல்லை, அதனால் அவர் கருவியை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சுடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். சுடவில்லைதானே, சன்னாசி? இல்லீங்கய்யா. எல்லாத் தாளிலும் அது இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் பஞ்சாலை அக்கா தேநீரை வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவருகே நின்றார். கேட்பதா வேண்டாமா என்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உள்ளங்கை கறுத்துப் போவுதுங்க. வாடையும் வருது."

ஒட்டை எடுத்துப் பார்த்தேன். ஐம்பது காசு அளவுக்குத் தோல் கறுத்துச் செத்துப்போயிருந்தது, ஓரத்தில் ஈரம். உள்ளே வைத்த குழாயின் நிறமே கறுப்புதான் அக்கா, அது வேலை செய்யும்போது வெளியே தெரியும் என்றேன். அப்படிங்களா என்றார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அடுத்த வாரம் நான் போனபோது சன்னாசியின் கை முழுக்கப் பவுடர் போட்டுவிட்டிருந்தார். வாடை எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதாம். பவுடரைத் துடைத்துவிட்டு ஒட்டை அதே இடத்தில் ஒட்டினேன். அன்றைக்கும் பதினைந்துக்குப் பதினைந்து.

ஷாமினி நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். என் ஆய்வகத்திலிருந்து பத்து நிமிடத் தூரம்தான். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவாள், அப்பாவின் கையில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். அந்த மாதம் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை அடித்திருக்கிறது. துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக் காரில் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டாள். புண் எலும்புவரை போயிருந்தது. சீழ் முன்கையில் பாதிக்கு ஏறியிருந்தது. மறுநாள் முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை விட்டு மீதியை எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனையிலிருந்து தகவல் வந்து நானும் போயிருந்தேன். அறுவைக்கு முன் வார்டில் அவள் கேட்டதை நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"அப்பா, உண்மைய சொல்லுங்க. இந்தக் கையில எப்பவாச்சும் ஏதாவது தெரிஞ்சிச்சா?"

"இல்லம்மா. ஒரு நாளும் தெரியல."

"அப்புறம் ஏன் அவருகிட்ட தெரியுதுன்னு சொன்னீங்க?"

"கிராணி வூட்டு ஐயா தாள வச்சிக்கிட்டு பேரு கூப்புடுறாரு" என்றார். "இல்லன்னா பேர அடிச்சிடுவாருல்ல. அப்புறம் மோட்டாரு எப்படிம்மா ஓட்டுறது?"

நான் திரையை விலக்கவில்லை. படியிறங்கிக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, சட்டைப் பையிலிருந்த நைலான் இழையை எடுத்து என் விரல் நுனியை நானே தொட்டுப் பார்த்தேன். தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. அழுகை வரும் என்று சிறிது நேரம் காத்திருந்தேன், வரவில்லை. நிறுத்துமிடச் சீட்டில் நேரம் முடியப்போகிறது என்று ஞாபகம் வந்ததும் கிளம்பினேன்.

ஆகவே உங்கள் கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் எழுதிவிடுகிறேன். இனிப்பு நீர் இருப்பது தெரிந்தே அவரைச் சேர்த்தேன். உணர்ச்சி வரவில்லை என்பது தெரிந்தே வந்ததாக எழுதினேன். கையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வைத்தியத்தைத் தெரிந்தே தடுத்தேன். தோல் வெந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டும் மின்னோட்டத்தைக் குறைக்கவில்லை. ரஜனிக்கோ அறுவை மருத்துவருக்கோ இதில் பங்கில்லை. எல்லாம் நான் செய்தது. கையெழுத்தும் என்னுடையதுதான்.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானாகவே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஷாமினி என்னைப் பார்த்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் மோட்டார் இல்லை, தார்ப்பாய் மட்டும் மடித்துக் கிடந்தது. பஞ்சாலை அக்கா வழக்கம்போல் தேநீர் கொண்டுவந்தார், அதே சீனி. முதல் தடவையாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். என்னால் முடிந்த மரியாதை அது. சன்னாசி மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊசி குத்தியிருந்தார்கள்.

"சன்னாசி" என்று கூப்பிட்டேன். "என் மேல கோபம் இல்லைதானே?"

இடது கையை நாற்காலியில் ஊன்றி எழுந்து நின்றார்.

"இல்லீங்கய்யா" என்றார்.

நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அவர் என்னை மன்னித்துவிட்டார் என்பதை மட்டும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறைதான் கேட்டேன், கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்.